சொக்கியின் நடுக்கம்

செல்லியம்மாளுக்கு நாய் என்றாலே ஆகாது. அவள் புருஷன் முனியன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். ஒருமுறை புளி ஏற்றக் கல்வராயன் மலைக்குப் போனவன், வெள்ளிமலையில் கிடந்த ஒரு செவலைக் குட்டியை மடியில் வைத்துக் களமருதூருக்குக் கொண்டுவந்தான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிள்ளையில்லாத வீடு. எந்த ஏக்கத்தில் தூக்கி வந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே கோபம் கூடுதலாக வந்தது.

சொக்கி என்று அவன்தான் பெயர் வைத்தான். அவன் தட்டில் மிச்சம் வைக்கிற சோறுதான் அதற்குச் சாப்பாடு. அவன் எங்கே போனாலும் பத்தடி பின்னால் அதுவும் போகும்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மூன்றாம் நாள் காலையில் முனியன் கோடாலியை எடுத்தான். போக வேண்டாம் என்று செல்லியம்மாள் தடுத்துப் பார்த்தாள்.

“எல்லாரும் ரோட்ல நிக்கிறாங்க. நான் மட்டும் வூட்ல குந்திக்கினு இருந்தா நல்லாருக்குமா?” என்றான். சொக்கியும் கூடவே போனது.

உச்சி வெயிலில் பெரிய ரோட்டுப் பக்கமிருந்து நாலைந்து சத்தம் கேட்டது. யாரோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் அரிசி களைந்தாள். சாயந்தரம் சேதி வந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் விழுந்தார்கள். அதில் ஒருவன் முனியன். போலீஸ்காரர்களே காவலோடு கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவளுக்கு முகத்தை மட்டும் காட்டினார்கள். உடுத்தியிருந்த துணி அவள் கைக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் சொக்கி திரும்பி வந்தது. உடம்பில் காயமில்லை. நேராக நெல் குதிருக்கும் சுவருக்கும் இடையே நுழைந்துகொண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் அதற்கு ஆகாமல் போயிற்று. பாத்திரம் உருண்டால் நடுங்கும். தென்னமட்டை விழுந்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போகும். தெருவில் மொபெட் போனால் குதிர் சந்துக்குள் ஓடி, தன் முன்னங்காலைத் தானே கடித்துக்கொள்ளும். முனியனின் தம்பி மாயவன் அதைச் சங்கிலியில் கட்டிப்போட்டான். அது இழுத்த இழுப்பில் கழுத்துத் தோல் உரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான் அவன். செல்லியம்மாள் சங்கிலியை மட்டும் அவிழ்த்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

ஒரு கயிற்றைக் கட்டி, வயல்வழியாகவே நடத்தி, அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த டாக்டர் வயதானவர். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். தூங்கவைக்க மாத்திரை தரலாம், ஆனால் விழித்ததும் பயம் அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அது ஒளிகிற மூலையை அதற்கே விட்டுவிட வேண்டும். அதட்டக் கூடாது, பிடித்து வெளியே இழுக்கக் கூடாது. நெஞ்சைச் சுற்றி மூச்சு முட்டாதபடி துணியால் இறுக்கிக் கட்டலாம். தினமும் அலுக்கிற வரைக்கும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். தடவினால் காதிலிருந்து முதுகு வரை மெதுவாகத் தடவ வேண்டும். தடவுகிறவர் கை பதறக் கூடாது.

“கடைசியா ஒண்ணும்மா. அவர் போட்டுக்கினு இருந்த துணி, தொவைக்காதது ஏதாச்சும் இருந்தா அதுகிட்ட போடுங்க. அந்த வாசன போதும் அதுக்கு.”

அப்படி ஒன்றும் இல்லை என்று செல்லியம்மாள் சொன்னாள்.

இருந்தது. சாவதற்கு முந்தின நாள் கழற்றி மாட்டிய சாம்பல் நிறச் சட்டை. அவன் வியர்வையும் பீடியும் புளித்தூசும் கலந்த வாசனை அதில் அப்படியே இருந்தது. பாலிதீன் பையில் போட்டுச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். நாளுக்கு ஒருமுறை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். வாசனை போய்விடக் கூடாதென்று சட்டென்று மூடிவிடுவாள்.

மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். பழைய புடவையைக் கிழித்துச் சொக்கியின் நெஞ்சில் சுற்றினாள். களையெடுத்துவிட்டு வந்த காலோடு ஏரிக்கரை முழுக்க அதை நடத்தினாள். சந்தோரம் உட்கார்ந்து, கை எட்டுமட்டும் நீட்டித் தடவினாள். தன் கை பதறுவதை அடக்க, நிதானமாக மூச்சு விடப் பழகினாள். ஐப்பசிக்குள் பாத்திரச் சத்தத்துக்கு நடுங்குவது நின்றிருந்தது.

தீபாவளி வந்தது. அவர்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஊரில் பாதிப் பேர் துக்கத்தில் இருந்தாலும் மீதிப் பாதியில் பிள்ளைகள் இருந்தார்கள். விடிந்ததும் சரவெடி தொடங்கியது. கட்டிய துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சொக்கி காலைக் கடித்தது. சந்தெல்லாம் ரத்தம். செல்லியம்மாள் தடவினாள், குதிரோடு குதிராகப் படுத்து அணைத்தாள். அது நிறுத்தவில்லை. கால் எலும்பு தெரியும்போலிருந்தது.

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். சட்டையை ஒருமுறை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம், முகத்தில் அழுத்திக்கொண்டாள். பிறகு சந்துக்குள் போட்டாள்.

சொக்கி கடிப்பதை நிறுத்தியது. மூக்கைச் சட்டையின் அக்குள் பக்கத்தில் நுழைத்து, நீளமாக மூச்சை இழுத்தது. ஒரு முனகல் வந்தது. பிறகு தலையை உள்ளே புதைத்துக்கொண்டு, வெடிச்சத்தத்துக்கு நடுவே, ஒரு மாதத்தில் முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது.

சட்டையை அவள் திரும்ப எடுக்கவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் அதில் நாயின் வாசனைதான் இருந்தது. ஒருநாள் சொக்கி வெளியே போயிருந்த சமயம் எடுத்து முகர்ந்து பார்த்தாள். எந்த மடிப்பிலும் அவன் இல்லை. அடக்கம் ஆன நாளில் அழாதவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். மாயவன் பெண்டாட்டி ஓடிவந்து என்ன என்று கேட்டாள். செத்தவன் அன்றைக்குத்தான் செத்தான் என்று எப்படிச் சொல்வது?

முதல் வருஷ நினைவுநாளுக்கு ஊரில் பந்தல் போட்டார்கள். முன்னால் நின்று வேலை செய்த தனசேகரன் அவளை மேடைக்கு அழைக்க வந்தான். அதிர்வேட்டு இருபத்தொன்று போடப்போவதாகவும் சொன்னான். வேட்டு வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

“வேட்டு இல்லாம எப்பிடிக்கா? அவருக்கு மரியாத பண்ண வேணாமா?”

“அந்தச் சத்தத்துலதான் தம்பி அவரு செத்தாரு.”

அவன் தலைகுனிந்து, மற்றவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று போனான். சொன்னானோ என்னவோ, வேட்டு போட்டார்கள். ஒலிபெருக்கியில் புருஷன் பெயரையும் அவள் பெயரையும் மாற்றி மாற்றி அழைத்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, சொக்கியை மடியில் இறுக்கிப் பிடித்து, காதிலிருந்து முதுகுவரை தடவிக்கொண்டே ஒவ்வொரு வேட்டாக எண்ணினாள். இருபத்தொன்று முடியும்வரை அது நடுங்கியது; ஆனால் ஓடவில்லை, கடிக்கவுமில்லை. புருஷனைவிட நாய் ஒசத்தியாகப் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் காதிலும் விழுந்தது.

மறுவருஷம் தனசேகரன் தானாகவே வந்து, இந்த முறை வேட்டு கிடையாது, ஊர்வலமும் மாலையும் மட்டும்தான் என்று சொன்னான். செல்லியம்மாள் சரி என்றாள். ஆடி மாதமே சொக்கி செத்துப்போயிருந்ததை அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் மேடை ஏறினாள். மாலை போட்டாள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கூட்டம் அமைதியாகிக் காத்திருந்தது. வேட்டுச் சத்தம் எங்கேயும் இல்லை; அதற்கு நடுங்க வீட்டில் சொக்கியும் இல்லை. பிறகு மைக்கைத் தனசேகரனிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள்.