இரண்டு விமானக் கம்பெனிகளும் ஒரு அயர்ன் டேபிளும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் பனியன் யூனிட்டில், அயர்ன் மாஸ்டர் சேவியர் அண்ணாச்சியை நான் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாசமா? இல்லை. பயம்.

பதினோரு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறார். ஒருநாள்கூட நாங்கள் கை குலுக்கியதில்லை. திடீரென்று முதலாளி ஓடிவந்து மார்போடு அணைத்தால் மனிதர் என்ன நினைப்பார்? அயர்ன் பாக்ஸைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, என் முதுகைத் தடவியபடி மெல்லக் கேட்டார்.

“என்ன மொதலாளி... வீட்ல யாரும் தவறிட்டாவளா?”

யாரும் தவறவில்லை. தவறு செய்தவன் நான்.

விஷயம் இதுதான். விமானம் செய்கிற இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரு ஏர்லைன்ஸின் ஆர்டருக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. யாருக்குத் தரப்போகிறோம் என்று ஏர்லைன்ஸ் வாயே திறக்கவில்லை. ஆனால் ஜெயித்த அன்றைக்கே ஊழியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு போட்டோவுக்கு நிற்க வேண்டாமா? ஜெயித்த பிறகு துணி எடுத்துத் தைத்தால் ஆகுமா? அதனால் இரண்டு பேருமே முன்கூட்டியே டி-ஷர்ட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சென்னை ஏஜென்ட் வழியாக. இன்னொருவர் பெங்களூரு ஏஜென்ட் வழியாக.

சென்னைக்காரர் அழைத்த போன் என்னுடையது. பெங்களூருக்காரர் அழைத்ததும்... என்னுடையதுதான்.

பெயர்களைச் சொல்ல மாட்டேன். பனியன்காரன் கண்ணுக்கு இரண்டு விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் மூக்கு மட்டும்தான். எனவே கூர்மூக்குக் கம்பெனி, மொட்டைமூக்குக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்மூக்குக்கு நீல டி-ஷர்ட். மொட்டைமூக்குக்கு வெள்ளை. நெஞ்சில் அவரவர் விமானம். அதற்குக் கீழே, இரண்டிலும், ‘அவர்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வாசகம்!

ஒப்பந்தத்திலும் இரண்டு பக்கமும் ஒரே ஷரத்து. போட்டிக் கம்பெனிக்கு இந்த மாதிரி வேலை செய்யக் கூடாது. செய்தது தெரிந்தால் ஆர்டர் ரத்து.

இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஒரே பெண்ணை இரண்டு வீட்டுக்கு நிச்சயம் செய்தவன் மாதிரி.

ஏன் போட்டேன்? நாற்பது மெஷினில் பாதி மூடிக் கிடந்தது. இந்த இரண்டும் போய்விட்டால் பொங்கல் வரைக்கும் லைனில் ஓட்ட வேறு துணி கிடையாது. திருமுருகன்பூண்டியில் யூனிட் வைத்திருக்கிறவன் ஆர்டரை வேண்டாமென்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் ஆளாக நான் இருக்க வேண்டுமா?

“படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்களாங்க?” என்றாள் என் மனைவி சுமதி. யூனிட்டில் பேக்கிங், டெஸ்பாட்ச் எல்லாம் அவள் பொறுப்பு. படித்தேன் என்றேன். “அப்ப தைரியம்தானுங்க” என்றாள். பாராட்டின மாதிரி இல்லை.

அன்றிலிருந்து விமானச் செய்திதான் எனக்குத் தேவாரம். எந்த விமானம் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, யாருடைய டெலிவரி தள்ளிப்போகிறது... எல்லாம் அத்துப்படி. இதுவரை விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஜன்னல் சீட் மட்டும்தான். இப்போது என் போன், நான் விமானம் வாங்கப்போகிறேன் என்றே நம்பத் தொடங்கிவிட்டது. அதற்கான கடன் விளம்பரம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை நீலத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஏஜென்ட் சார்பில் தரம் பார்க்கிற ஒரு தனி நிறுவனத்திலிருந்து ஆள் வருவார். ஆர்டர் கொடுக்கிற ஒரு பையர் தரப்பு வரும்போது இன்னொரு பையரின் சரக்கை ஒளித்துவைப்பது எங்கள் ஊர் சம்பிரதாயம். மாமியார் வரும்போது ஓட்டல் பார்சலை ஒளிக்கிற மாதிரி. வெள்ளைப் பெட்டிகள் அத்தனையும் பக்கத்து லேபிள் கடை ரபீக் பாயின் குடோனுக்குப் போயின. தரையில் கிடந்த வெள்ளை நூலைக்கூட சுமதி கூட்டி அள்ளிவிட்டாள்.

மறந்தது ஒன்றே ஒன்று. பிரிண்ட் கோணலாக விழுந்த ரிஜெக்ட் பீஸ். திருப்பூரில் ரிஜெக்ட் பீஸ் குப்பைக்கா போகும்? யாராவது ஒருவர் உடம்புக்குத்தான் போகும். இந்த வெள்ளை போன இடம், சேவியர் அண்ணாச்சியின் உடம்பு.

நான் பார்த்த அதே நொடியில் இன்ஸ்பெக்டர் நிவேதாவும் கட்டிங் டேபிளைத் தாண்டி உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்ல நேரமில்லை. மறைக்கத் துணியில்லை. பனியன் கம்பெனியில் மறைக்கத் துணியில்லை! என்னிடம் இருந்த ஒரே திரை நான்தான்.

“அவருக்கு உடம்பு சரியில்லீங்களா சார்?” என்றார் நிவேதா.

“பொறந்தநாளுங்க.”

“எனக்கு தை மாசம்லா மொதலாளி” என்றார் அண்ணாச்சி. நேர்மையான மனிதர். எனக்கு என்று வந்து வாய்க்கிறார்கள்.

எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பது? விட்டேன். வெள்ளை டி-ஷர்ட், கோணல் விமானம், மொட்டை மூக்கு. நிவேதா பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். என் கண்ணுக்கு நாற்பது மெஷினும் ஒவ்வொன்றாக நின்றுபோவது தெரிந்தது.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். சுமதியும் பின்னாலேயே வந்தாள். நிவேதா பையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்தார். அடுத்து, இன்னொரு ஃபைலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“வெள்ளைக்கும் நாந்தானுங்க சார். வெள்ளிக்கெழமை வரோணும்.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவருடைய நிறுவனத்தில் ஆள் குறைவாம். இரண்டு வேலையையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒருவர் சரக்கைப் பார்த்தவர் போட்டிக்காரர் சரக்கைப் பார்க்கக் கூடாது என்று அவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டு முறை. இரண்டு ஃபைலிலும் ஒரே யூனிட் முகவரியைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

“நீங்க வெளிய சொல்லீருவீங்களோன்னு நான் பயந்துட்டே வந்தேனுங்க” என்றார்.

சுமதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்லாத்தான் சேந்தீங்க போங்க” என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவ்வளவு பயத்திலும், எண்ணெய்க் கறை பட்ட ஏழு பீஸை நிவேதா தயவே இல்லாமல் தூக்கி வெளியே போட்டார். பயம் வேறு, வேலை வேறு. எனக்கு இந்த இரண்டையும் பிரித்து வைக்க இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளையும் பாஸ். ஞாயிற்றுக்கிழமை ஏர்லைன்ஸ் வாயைத் திறந்தது. பாதி விமானம் கூர்மூக்குக்கு. பாதி மொட்டைமூக்குக்கு!

நீலமும் லாரி ஏறிப் போயிற்று, வெள்ளையும் போயிற்று. என்ன கெட்டிக்கார ஏர்லைன்ஸ் பாருங்கள். இரண்டு பேரையும் மாதக்கணக்கில் பட்டினி போட்டு, விலையைக் கசக்கிப் பிழிந்து, கடைசியில் ஆளுக்குப் பாதி. எங்களிடம் பையர்கள் செய்வதும் அச்சு அசலாக இதுதானே? வானத்தில் பறப்பதைச் செய்கிறவனும் பையரின் போனுக்காகத் தரையில் காத்துக் கிடக்கத்தான் வேண்டியிருக்கிறது. இது தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப நிம்மதி.

நிம்மதி ஒரு நாள் நீடித்தது.

நேற்று இரண்டு ஏஜென்ட்டிடமிருந்தும் மெயில். அடுத்து வேறொரு ஏர்லைன்ஸுக்கு இரண்டு கம்பெனிகளும் மோதுகின்றனவாம். மறுபடியும் டி-ஷர்ட் வேண்டுமாம். விலை சொல்லச் சொல்லி, கடைசி வரியில் இரண்டு பேருமே தேன் தடவி ஒன்று எழுதியிருந்தார்கள்: ‘இன்னொரு யூனிட்டிடமும் கேட்டிருக்கிறோம்.’

யார் அந்த இன்னொரு யூனிட்? எதிர்த் தெருவா? அவிநாசியா? வங்கதேசமா? ஒரு மணி நேரம் விலையைக் குறைத்துக் குறைத்து எழுதிப் பார்த்தேன். அப்புறம் என் பிரிண்டிங்காரருக்குப் போன் போட்டேன்.

“ரேட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இன்னொருத்தருகிட்டயும் கேட்டிருக்கேனுங்க.”

சத்தியமாக, நான் யாரிடமும் கேட்கவில்லை.