கையில் இறால் வாசனை

அம்மா காமாலையில் போன ஆறாவது மாதம், நைனாவின் வலது கையில் கெளுத்தி மீன் முள் குத்தியது. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற எவருக்கும் நடப்பதுதான். முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுநாள் படகேறிவிடுவார்கள். நைனாவும் எத்தனையோ வருடம் அப்படி ஏறியவர். இந்த முறை புண் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி இல்லை என்றார்கள். ஊசி போட்டால் நாலு நாள் காயும், மறுபடி சீழ் வைக்கும். சளி பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. பேச்சு குறைந்து, சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். அம்மாவை நினைத்துப் படுத்திருக்கிறார், அது வேறு; புண் வேறு என்று நான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டரம்மா சொன்னார். மனசு விழுந்தால் கிருமியோடு சண்டை போடும் சக்தியும் குறையுமாம். உடம்பு நாள்பட்டுச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் மனசும் சுருண்டுவிடுமாம். எனக்கு அன்று யார் சொன்னார்கள்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்தியம். மீன், இறால், நண்டு எல்லாம் கரப்பான், புண்ணைக் கிளப்பிவிடும். ஏரியின் உப்புத் தண்ணீர் படவே கூடாது. நான் பிடித்தால் பிடித்ததுதான். ஏரிக்கரை வீட்டில் மூன்று மாதம் ரசமும் சுட்ட அப்பளமும் போட்டேன். படகைச் சித்தப்பாவிடம் விட்டேன். பார்க்க வந்த கூட்டாளிகளை வாசலிலேயே மறித்து, "ஏரிக்கதை பேசி நைனாவுக்கு ஆசை காட்டாதீங்க, போங்க" என்று விரட்டினேன்.

காலையில் கண் விழித்ததும் நைனா ஒரே கேள்விதான் கேட்பார்.

"தண்ணி எப்டி கீது பாப்பா? எறா படுதா?"

"ஒண்ணும் இல்ல நைனா. வலையெல்லாம் காலியா வருது. நீ படு."

முழுப் பொய். மழை முடிந்த அந்தப் பருவத்தில் இறால் கொள்ளை கொள்ளையாக வந்தது. பகல் முழுக்க நான் கொட்டகையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து அதைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன். மீன் இல்லையென்றால் ஏங்க மாட்டார் என்பது என் கணக்கு. கொஞ்ச நாளில் அவர் கேட்பதை நிறுத்தியபோது, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கை முடியாததால் மதியம் வீட்டுக்கு வந்து நான்தான் சோறு ஊட்டுவேன். ஒருநாள் வாய்க்கருகே போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோப்பு போட்டுக் கழுவியும் எறா வாசனை போவல பாரு. தெனமும் அடிக்குது. ஏரில நல்லா படுதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா. உங்கம்மாவும் போயிட்டா, இனிமே இவன் இன்னாத்துக்குன்னுதான் யாரும் என்ன கூப்புடலன்னு நெனச்சிக்கினேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"ஐயோ, புண்ணு ஆறட்டும்னுதான் நைனா" என்று அழுதேன். அப்படியே எழுந்து சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் விடிந்ததும் நைனாவைப் படகில் ஏற்றிக்கொள்வதாக அவர் சொன்னார். அன்று சாயங்காலம் பத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இறால் தொக்கு வைத்தேன். நைனா எழுந்து உட்கார்ந்து, இடது கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். தலைக்குக் கட்டுகிற துண்டு எங்கே என்று கேட்டார்.

விடியற்காலையில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஒரு படகும் இறங்கவில்லை. நைனா துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று நாளும் காத்திருந்தார். நாலாம் நாள் காற்று நின்றபோது காய்ச்சலில் அவரால் எழ முடியவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

படகில் போயிருந்தால் புண் ஆறியிருக்குமா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பார். இத்தனை வயதாகியும் எனக்கு அவரை அந்தப் படகில் ஏற்றிவிட வேண்டும் போலிருக்கிறது.