வெட் ப்ளூவுக்கு அர்த்தம் எழுதியவர்கள்

கல்லூரிப் பேருந்து வேலூர் சத்துவாச்சாரியைத் தாண்டும்போது போனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்று சினிமாவில் பாடுகிற எங்கள் ஆம்பூர்ப் பாடகர், பேர் வாங்குவதற்கு முன் வாடகை அறையில் பதிவு செய்த பாட்டுகளை ஒரு ரசிகர் குழு தேடித் தேடிச் சேர்க்கிறது. வெளிவராத அந்தப் பாட்டுகளில் ஒன்றில், ‘உன் வெட் ப்ளூ கை என் கன்னத்துல’ என்று ஒரு வரி. குழு போட்டிருந்த விளக்கம்: நனைந்த நீலம், மழையில் நிற்கும் காதலியின் சோகம்.

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வெட் ப்ளூ என்பது குரோமில் ஊறி, ஈரமும் நீலமுமாக டிரம்மிலிருந்து வெளியே வரும் தோல். இந்தப் பாட்டுகளுக்கு அர்த்தம் எழுத வேண்டியது நாங்கள்தான் என்று அப்போதே தோன்றிவிட்டது.

தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“காதலியா? ஏம்மா, எந்தப் பொண்ணு இந்தக் கையோட வந்து கன்னத்த தொடும்? ஷிப்ட் முடிஞ்சு வந்து பெத்தவன் தொட்டிருப்பான்.”

என் சிரிப்பு நின்றது. அதுவரை நானும் அதைக் காதல் பாட்டாகத்தான் கேட்டிருந்தேன்.

அப்பா சொன்னதைக் குழுவில் எழுதினேன், நீக்கிவிட்டார்கள். மறுபடி எழுதினேன். குழுவை நடத்தும் சென்னைக்காரரே போன் செய்தார். வெள்ளிக்கிழமை பாட்டு வரிகளோடு வீடியோ வருகிறதாம், விளக்கத்தை மாற்ற மாட்டார்களாம்.

“தோல் நாத்தம்லாம் பாட்டுல எதுக்கு சிஸ்டர்? ஃபீல் போயிடும்.”

“அந்த நாத்தத்துலதான் அவரு பாடினாரு சார். பேஜாரா இருந்தா மூக்க மூடிக்கினு கேளுங்க.”

ஆதாரம் இருக்கிறதா என்றார். நியாயமான கேள்வி. குழுவிடம் உள்ள பதிவு முதல் சரணத்தோடு அறுந்துவிடுகிறது. அந்தப் பதிவில் கீபோர்டு வாசித்தவர் இப்போது ஆலங்காயத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். முழுப் பாட்டும் அவரிடம்தான் இருக்கிறது. போனில் கேட்டேன். பாடகரைக் கேட்காமல் யாருக்கும் தர முடியாது என்றார். தர வேண்டாம், ஒருமுறை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, வரச் சொன்னார்.

வீடியோ வருவதற்கு முன்பே, வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் வாணியம்பாடியில் பஸ் மாறிப் போகிறோம். பாட்டின் இரண்டாம் சரணத்தில் அப்பா என்று யாரும் வரவில்லையென்றால், நான் சொன்னது தப்பு என்று குழுவில் நானே எழுதுவேன். வந்தால், அந்தக் கடையிலிருந்தே பாடகருக்குப் போன் போடச் சொல்லி, யாருடைய கை என்று அவர் வாயாலேயே கேட்கப் போகிறேன்.