பாவு அறுந்த காலை

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நீங்கள் செய்த தவறுக்கு வேறொருவர் திட்டு வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்துவிட்டு, திட்டியவர்களோடு சேர்ந்து நீங்களும் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

என் நண்பர் கோதண்டபாணி அப்படி ஒரு வார்த்தை சொன்னார். காஞ்சிபுரத்தில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மாகறலிலோ ஏனாத்தூரிலோ எந்தக் கழனியில் மோட்டார் நின்றாலும் அவருடைய புல்லட் போய் நிற்கும். எங்கள் பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு இருபது ஆண்டுகளாக நாற்காலி போடுகிறவர். மைக் கையில் கிடைத்தால் தீண்டாமையைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

நாற்பத்தாறு வயதில் புல்லட்டோடு சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் மருத்துவர். நடக்க இவருக்கு வெட்கம்.

“நடந்து போனா, வண்டியை வித்துட்டியான்னு கேக்கறானுங்கபா. கையில ஏதாச்சும் இருந்தா கேக்க மாட்டானுங்க” என்றார்.

வேலை மாற்றலாகிப் போன இன்ஜினியர் ஒருவர் பழைய கோல்ஃப் மட்டைகள் நான்கையும் ஒரு பை பந்துகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றை எடுத்துக்கொண்டு, கோடையில் வற்றிக் கிடந்த தாமல் ஏரிக்குப் போனார். அங்கேதான் கலியன் பழக்கமானார். தாமல் சேரிக்காரர். கருவேல விறகு வெட்டி, சைக்கிளில் கட்டி, காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் பிழைப்பு.

“நடக்கறதுக்கா இம்மாம் பாடு? எங்கூட்டு ஆடு நாலை ஓட்டிக்கினு போயேண்ணே, அதுவும் நடைதானே” என்று சிரித்தார் கலியன். பிறகு மட்டையை வாங்கி ஒரு வீச்சு வீசினார். கோடாலி பிடித்த கை. பந்து மதகு வரை போயிற்று. கோதண்டபாணியின் பந்து ஒரு நாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. கோடை முழுவதும் இருவரும் சேர்ந்து ஆடினார்கள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. கோதண்டபாணி தன் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஆட ஆரம்பித்தார். மனைச் சுவருக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தெரு. விடியற்காலையில் அங்கே பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். பாவு கட்டியிருக்கும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. கோடி வரை சுற்றித்தான் போக வேண்டும். தாண்டினால் இழை அறும் என்பது நம்பிக்கை. யார் தாண்டினால் நிச்சயமாக அறும் என்பதையும் அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், விறகோடு பட்டறைக்குப் போகும் வழியில் கலியன் அந்த மனையில் சைக்கிளை நிறுத்தினார். அவர் முன்னால் வீம்புக்கு ஓங்கி அடித்தார் கோதண்டபாணி. பந்து சுவரைத் தாண்டியது.

“இருண்ணே, நான் எட்த்தாறேன்” என்று கலியன் ஓடினார்.

கோதண்டபாணி பின்னாலேயே போனபோது, தெருவில் பாவின் ஓரத்தில் முப்பது நாற்பது இழை அறுந்து தொங்கியது. கலியன் பந்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றார். சுற்றிலும் கூட்டம்.

“பாவைத் தாண்டினியாடா?” பாவுக்குச் சொந்தக்காரர் நமச்சிவாயம் கத்தினார்.

“தாண்டலை சாமி. ஓரமாத்தான் வந்தேன்.”

“தாண்டாமயா அறுந்துது? இனிமே இந்தத் தெருவுல கால வெச்சே, காலு இருக்காது!”

கலியன் கையைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கோதண்டபாணியைப் பார்த்தார். ‘அண்ணன் சொல்லும்’ என்று காத்திருந்தார்.

அண்ணன் சொன்னது இது: “பாத்து வரக் கூடாதாப்பா, கலியா?”

இந்த வயதில் பந்தாடிப் பாவை அறுத்தவன் என்று தெருவே சிரிக்குமே என்ற பயம். அவ்வளவுதான். இருபது வருடப் பேச்சு அந்தப் பயத்துக்கு முன்னால் அரை நிமிடம் நிற்கவில்லை.

கலியன் பந்தைக் கடை வாசலில் நின்ற புல்லட்டின் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பட்டறைகள் எல்லாம் அந்தத் தெருவின் மறு கோடியில் இருக்கின்றன; வேறு வழி கிடையாது. அன்று முதல் அவருக்கு வேலை இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பத்திரிகையில் எழுதுகிற என்னிடம் வந்து அழுதார் கோதண்டபாணி. “பேர் போட்டு எழுதுபா, நாலு பேர் காறித் துப்பட்டும்.” முதலில் தெருவில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். போனார். பந்தை நீட்டி, “இதான் அறுத்துது. அடிச்சது நான்” என்றார்.

நமச்சிவாயம் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது சரி, கோதண்டபாணி. அதுக்கோசரம் அவன் தெருவுக்குள்ள வரணும்ங்கறியா?”

உண்மை வெளிவந்தும் தடை போகவில்லை. இழை ஒரு சாக்குதான் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இவ்வளவு காலம் மேடையில் என்ன பேசிக்கொண்டிருந்தோம்?

தாமலுக்குப் போய்க் கலியனிடம், “வா, நான் கூட வர்றேன்” என்றார் கோதண்டபாணி.

விறகு பிளப்பதை நிறுத்தாமலே கலியன் சொன்னார்: “அன்னிக்கும் நீ கூடத்தாண்ணே இருந்தே. பத்து பேர் வந்தா சொல்லு, சைக்கிள எடுக்கறேன்.”

நானும் கோதண்டபாணியும் இரண்டு பேர். வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு பம்புசெட் கடை வாசலில் நிற்போம். மேடை இல்லை, மைக் இல்லை, ஒரு சைக்கிள் விறகோடு தெருவின் மறு கோடி வரை நடக்க வேண்டும். இன்னும் எட்டுப் பேர் வேண்டும். வாருங்கள்.