டால்பினின் கண்

திருவிடந்தைக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கும் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தைக் கிருபாகரன் பதினேழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். அந்தக் குளத்தைத் தோண்டியவர்களில் அவரும் ஒருவர். அப்பா கருப்பன் பக்கத்து ஊர் நெல் வயல்களில் கூலிக்குப் போனவர். வயல்கள் மனைகளான பிறகு மகன் கடப்பாரையோடு இங்கே வந்தார். ஒன்பதடியில் ஊற்று கிளம்பியது. கையால் அள்ளிக் குடித்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. கட்டட வேலை முடிந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். "குளத்துக்கு ஓர் ஆள் வேண்டும்" என்றார்கள். இவர் இருந்துவிட்டார். திட்டமிட்டு எடுத்த முடிவு இல்லை. பெரும்பாலான வாழ்க்கைகள் அப்படித்தான் தீர்மானமாகின்றன.

குளத்தின் ஆழமான முனையில், எட்டடிக்குக் கீழே, நீலச் சில்லுகளால் ஒரு டால்பினைப் பதித்திருந்தார்கள். அதன் கண் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரே ஒரு கறுப்புச் சில்லு. காலையில் கரையில் நின்று பார்க்கும்போது அந்தக் கண் தெரிந்தால் தண்ணீர் சரி. தெரியாவிட்டால் ஏதோ கெட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் சோதனைப் பெட்டியைத் திறப்பார். பெட்டியில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். இன்னொன்றில் இளஞ்சிவப்பு வரும். அதன் நிறத்தை வைத்து அமிலம் ஊற்றுவதா, சோடா போடுவதா என்று முடிவு செய்யலாம். டிரம்களில் ஒட்டியிருந்த தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்தே இதையெல்லாம் கற்றுக்கொண்டார். பெரிய நிபுணர் என்று சொல்ல முடியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுகிற மனிதர். அது அவ்வளவு சாதாரணமும் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுதியின் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியது. லாரித் தண்ணீர்தான் என்றானது. அதனால் குளத்திலிருந்து ஒரு வாளிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. முதலில் டால்பினின் கண் போனது. பிறகு வால். இந்த மாசி மாதம் முழு டால்பினும் மோருக்கு அடியில் கிடப்பது போல மறைந்துவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், குளோரின் சோதனையில் மஞ்சள் நன்றாகவே வந்தது. மருந்து தண்ணீரில் இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. காரணத்தைச் சொன்னவர் கேசவன். கல்பாக்கத்தில் ரசாயனப் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் நீந்த வருவார். குளோரின் மாத்திரையில் இன்னொரு பொருளும் இருக்கிறது, வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் அது காக்கும் என்றார். குளோரின் செலவாகிவிடும், காவல் காக்கிற பொருள் செலவாகாது. மாத்திரைக்கு மாத்திரை சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரினை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதை முறிக்க மருந்து கிடையாது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான்.

அதை அளக்க ஒரு குழாயையும் கேசவன் கொண்டுவந்து கொடுத்தார். குழாயின் அடியில் ஒரு கரும்புள்ளி. மருந்து கலந்த தண்ணீரை மேலிருந்து பார்த்தபடியே ஊற்ற வேண்டும். புள்ளி மறைகிற இடத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். சீக்கிரம் மறைந்தால் நோய் முற்றியது என்று பொருள். கிருபாகரன் இரண்டு விரற்கடை ஊற்றுவதற்குள் புள்ளி போய்விட்டது. பாதிக்குப் பாதி குடிநீர் கலந்து மறுபடி ஊற்றினார். அப்போதும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மேலாளர் ராகவன் குளத்தங்கரைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. தனக்கு மேலே உள்ளவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"கிருபா, சனிக்கிழமை கல்யாண வீட்டு நலங்கு இந்தக் குளத்தங்கரையிலதான். இதைப் பார்த்துத்தான் இடத்தையே புக் பண்ணாங்க. தண்ணி இப்படி இருந்தா நான் என்னன்னு சொல்றது?"

"பாதிய தொறந்து வுடணும் சார்."

"மூணு வருஷமா இதையேதான் சொல்ற."

"மூணு வருஷமா இதேதான் சார் கீது."

"வேற ஏதாவது போட்டுப் பாரேன்."

"போட்டதுதான் சார் வியாதியே."

ராகவன் டால்பின் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "சனிக்கிழமை காலையில அந்த மீன் எனக்குத் தெரியணும். தெரியலேன்னா திங்கக்கிழமை சென்னையிலேருந்து காண்ட்ராக்ட் ஆளுங்க வந்துடுவாங்க. நீ லாண்டரிக்குப் போயிடு. வேலை போகாது, அதை மட்டும் பார்த்துக்கிறேன்."

லாண்டரியில் கிருபாகரனின் மனைவி ஜாக்குலின் வேலை செய்தார். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"வாய்யா வா. எனுக்குக் கீழதான் வேலை. துண்டு மடிக்கத் தெரியுமா உனுக்கு?"

"கத்துக் குடு."

"கத்துக்கிற மூஞ்சியப் பாரு. பதினேழு வருசமா வூட்ல லுங்கியக் கூட நான்தான் மடிச்சிகினு கீறேன்."

பிறகு அவர் சிரிக்கவில்லை. "அந்தாளு தண்ணி வுட வுடுவாரா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை அனுமதி கிடைத்தது. யாரோ மேலிடத்தில் சரி என்றிருந்தார்கள். பாதியை வெளியேற்றலாம், வெள்ளி மாலைக்குள் குளம் நிரம்பியிருக்க வேண்டும். கிருபாகரன் மோட்டாரைப் போட்டுக் கழிவு வால்வைத் திறந்தார். மூன்றாண்டுத் தண்ணீர் சவுக்குத் தோப்பு மணலில் இறங்கியது. பத்து லாரி பிடிக்கும் தண்ணீர் போக ஆறு மணி நேரம் ஆகும்.

இங்கேதான் அவர் தவறினார். அந்தப் பகுதியில் யாரும் தண்ணீர் லாரிக்கு முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை. லாரிக்கார முனிசாமிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு மாமல்லபுரம் வழியாக வந்துவிடுவார். நாள் தவறியதில்லை. அதனால் கிருபாகரன் வால்வைத் திறந்து நாலு மணி நேரம் கழித்துத்தான் போனை எடுத்தார்.

"மச்சான், நாளைக்கு பத்து லோடு வேணும். காலைலயே ஆரமிச்சுடு."

"நாளைக்கா? நாளைக்கு இன்னா நாளு தெர்மா?"

"வெள்ளிக்கெழம. சாயங்காலம் கோயில்ல சிலுவைப்பாதை."

"உனுக்கு சிலுவைப்பாதைடா. ஊருக்கு மாசி மகம். மறுநாள் பௌர்ணமி, இன்னிக்கே இருளருங்க கூட்டம் கூட்டமா பீச்சாண்ட வந்து கொட்டாய் போட்டுகினு கீறாங்க. நாளைக்கு காலைலேர்ந்து மாபலிபுரத்துல லாரிய வுடமாட்டான் போலீசு. வருசா வருசம் நடக்குறதுதானே, எங்க இருந்த நீ?"

கிருபாகரன் அங்கேதான் இருந்தார், பிறந்ததிலிருந்து. ஆனால் அவருடைய வீட்டுச் சுவரில் தொங்குவது மாதா கோயிலில் கொடுத்த காலண்டர். தவக்காலத்து வெள்ளிகள் அதில் சிவப்பாக இருக்கும். பௌர்ணமிக்கு அதில் இடம் இல்லை. ஒரே சாலையில் வாழ்கிறவர்களுக்கு ஒரே வெள்ளிக்கிழமை வருவதில்லை.

"சுத்திகினு வர முடியாதா?"

"திருப்போரூரு, கேளம்பாக்கம், கோவளம்னு சுத்தணும். மூணு லோடு அடிக்கலாம். அதுக்கு மேல என்னால ஆவாது. தண்ணிய இன்னும் வுடலதானே?"

"நாலு மணி நேரமா போயிகினு கீது."

"பேஜாரு புடிச்சவன்டா நீ" என்றார் முனிசாமி.

அந்த நிமிடமே கிருபாகரன் மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். மூன்று லாரியால் நிரப்பக்கூடிய அளவை அதற்குள்ளேயே தாண்டியாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் தண்ணீர் கெட்டபடியேதான் இருக்கும், குறைவாகவும் இருக்கும். அதனால் நிறுத்தவில்லை.

பாதி வெளியேறிய பிறகு மோட்டாரை அணைத்து, படிகாரத்தை வாளியில் கரைத்து, மிச்சத் தண்ணீரின் மேல் பரவலாகத் தெளித்தார். இதற்கும் மூன்றாண்டாகத் தடை இருந்தது. அடியில் படிகிற கசடை உறிஞ்சி வெளியே தள்ளினால் கூடவே தண்ணீரும் போகும் என்பதுதான் காரணம். வெள்ளிக்கிழமை காலை கசடு சாம்பல் நிறப் போர்வை போலத் தரையில் கிடந்தது. அதைக் கலக்காமல் உறிஞ்சுவதற்கு மத்தியானம் ஆயிற்று. முனிசாமி சொன்னபடி மூன்று லாரி கொண்டுவந்தார், கோவளத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே. கிருபாகரன் சோதித்தார், கொஞ்சம் அமிலம் விட்டார், காத்திருந்தார். கரும்புள்ளிக் குழாயிலும் ஊற்றிப் பார்த்தார். புள்ளி முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாக மறைந்தது. போதாது, நோய் தீரவில்லை. ஒரு வாரம் தாங்கலாம்.

நாலு மணிக்கு டால்பினின் கண் தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் முதல் முறை.

அவர் ராகவனை அழைத்து வந்தார். ராகவன் கீழே பார்க்கவில்லை. சுவர்களைத்தான் பார்த்தார். தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் சுண்ணாம்புப் பட்டை வெள்ளையாக, திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"என்னய்யா இது?"

"மீன் தெரியுது சார்."

"மீன் தெரியுது. தண்ணி எங்க?"

கிருபாகரன் மாசி மகத்தைச் சொன்னார். ராகவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திருச்சிக்காரர், அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

"போர் மோட்டாரைப் போடு."

"அதுல சுண்ணாம்பு ஜாஸ்தி சார். இந்தத் தண்ணியோட சேர்ந்தா பாலாப் பூடும். ஒரு நாள் குடுங்க. ஞாயித்துக்கெழம ரோடு தொறந்துடும்."

"நலங்கு நாளைக்கு. பாலானாலும் பரவாயில்ல, விளிம்பு வரைக்கும் நிக்கணும். பொண்ணு வீட்டுல காலைத் தொங்கப் போட்டு உட்காருவாங்க. கால் காத்துல ஆடினா நல்லாவா இருக்கும்?"

மோட்டாரைப் போட்டது கிருபாகரன்தான். வேறு யாராவது போடட்டும் என்று விலகி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பித்தானை அழுத்திவிட்டு மறுபடி வந்து கரையில் நின்றார். உப்புத் தண்ணீர் ஆழமில்லாத முனையில் விழுந்தது. வெண்மை மெதுவாகப் புகை போல நகர்ந்து வந்தது. முதலில் வால் போனது. கண் தெரிந்தது மொத்தத்தில் ஒன்றேகால் மணி நேரம். அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போட்டோ எடுக்கிற போனும் இல்லை.

சனிக்கிழமை காலை குளம் விளிம்பு வரை நிறைந்து, பால் போல இருந்தது. கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர் பார்த்தார், ஒரு நிமிடம் யோசித்தார், எட்டு மூட்டை சாமந்திப் பூ கேட்டார். இதழ்களைப் பிய்த்துத் தண்ணீரின் மேல் கொட்டினார்கள். தண்ணீரே தெரியவில்லை. பெண் மஞ்சள் பூசிய கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். உறவினர்கள் கைதட்டினார்கள். யாரும் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

ராகவன் கிருபாகரனின் தோளைத் தட்டினார். "பாத்தியா? இவ்வளவுதான். முதல்லயே இது நமக்குத் தோணியிருக்கலாம்."

ஆனாலும் சொன்னது சொன்னதுதான். மீன் தெரியவில்லை. திங்கட்கிழமை சென்னையிலிருந்து சீருடை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். வண்டியிலிருந்து மாத்திரை டப்பாக்களை இறக்கினார்கள். கிருபாகரன் லாண்டரியில் ஜாக்குலின் பக்கத்தில் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தார். ஓரம் ஓரத்தோடு சேராமல் போய்க்கொண்டே இருந்தது. ஜாக்குலின் அவற்றை எடுத்து மறுபடி மடித்து அடுக்கினார். கேலி செய்திருந்தால் கிருபாகரனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பதினோரு மணிக்கு அந்த இருவரில் ஒருவன் லாண்டரி வாசலுக்கு வந்தான்.

"அண்ணாத்த, நீங்கதானே முன்னாடி பாத்துகினு இருந்தீங்க? இந்தத் தண்ணிக்கு இன்னா போட்டா கேக்கும்?"

"ஒண்ணும் போடாதப்பா. எடுக்கணும்."

அவன் அதைக் கோபத்தில் சொன்ன பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தான். "வுடுங்கண்ணாத்த, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் குளத்துப் பக்கமிருந்து டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தம். கிருபாகரன் ஆறு வரை எண்ணினார். பிறகு அடுத்த துண்டை எடுத்தார்.