தலைப்பில் இருந்த பவுல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். வெண்ணந்தூர் நெசவுக் குடும்பத்தில் பிறந்த இந்துப் பெண் நான். அந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்தவ வேதப் பரீட்சை எழுதியாக வேண்டும். அதை நான் பாரமாக நினைத்ததே இல்லை. பரீட்சை எழுதுவது எனக்குப் பிடித்த காரியம். நன்றாகவும் எழுதுவேன்.

அந்த வருஷம், அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்கள் பாடம். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஆசிரியைக்குக் கண்நோய் வந்து இமை திறக்க முடியவில்லை. அவர் ஓமலூர்ப் பக்கத்து உபதேசியார் ஒருவரின் மகள். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்காக நான் எல்லா நிருபங்களையும் உரக்க வாசித்தேன். மனசுக்குள் வாசித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. வாயால் வாசித்ததில் ஒன்று தெரிந்துபோனது. அப்போஸ்தலராகிய பவுல் எழுதியவை எல்லாம் எடுத்த எடுப்பில் அவர் பெயரைச் சொல்லி, வாழ்த்துச் சொல்லி, அப்புறம்தான் விஷயத்துக்கு வருகின்றன. எபிரெயருக்கு எழுதியது மட்டும் பெயருமில்லாமல் வாழ்த்துமில்லாமல் நேரே பிரசங்கத்தில் இறங்குகிறது.

“ஏனக்கா, இந்தக் கடுதாசியில மட்டும் எழுதுனவரு பேரையே காணோமே?” என்றேன்.

“மேல தலைப்புல போட்டிருக்குதே அம்முணி, பவுலுன்னு.”

“தலைப்பு வேற, கடுதாசி வேறீங்க. அதைப் பின்னால யாரோ போட்டாப்பல இருக்குது.”

நான் மேலே வாசித்தேன். இரண்டாம் அதிகாரத்தில் இன்னொன்று அகப்பட்டது. ஆண்டவரிடம் நேரில் கேட்டவர்கள் வந்து எங்களுக்குச் சொன்னார்கள் என்று அந்த எழுத்தாளர் அடக்கமாக எழுதுகிறார். பவுலோ வேறொரு நிருபத்தில், தான் எந்த மனிதரிடமும் கேட்டுக் கற்கவில்லை என்று அடித்துச் சொல்கிறவர். இரண்டும் ஒரே ஆளின் பேச்சாக இருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. ‘எபிரெயருக்கு நிருபம் எழுதியவர் யார்?’ எல்லோரும் பவுல் என்று எழுதினார்கள். நான் பவுல் இல்லை, யாரென்று தெரியவில்லை என்று எழுதி, காரணங்களையும் எழுதினேன்.

பரீட்சை நடத்திய போதகர் சேலத்திலிருந்து வருபவர், வயதானவர். திருத்திய தாள்களோடு வந்த அன்று, எல்லோர் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

“இதை யாரம்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் சொல்லித் தரலீங்க ஐயா. வாசிச்சுப் பார்த்தேனுங்க.”

அவர் வேதப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். நான் இரண்டு இடங்களையும் எடுத்து வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது புதுசில்லை அம்மா. ஆதிச் சபைப் பெரியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. இறையியல் கல்லூரியில் நாங்களும் படித்தோம்.”

“அப்புறம் எதுக்குங்க ஐயா இந்தக் கேள்வி?”

“தலைப்பையாவது வாசித்தீர்களா என்று பார்க்கத்தான்!” என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார். முழு மதிப்பெண் போட்டார். ஆனால் பிள்ளைகளிடம் இதைப் பேச வேண்டாம் என்றார். யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

அக்காதான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காலராவில் சாகும்போது அவருடைய அப்பா அந்த நிருபத்தில் விசுவாசத்தைப் பற்றிய அதிகாரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். “எங்கப்பா பவுலு சொன்னாருன்னு நம்பித்தான் கண்ணை மூடுனாரு. நீ ஒரு நிமிஷத்துல இல்லைன்னுட்டே” என்றதோடு சரி. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

கண் தெளிந்ததும் அவர் தானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக் கிணற்றடியில் என்னிடம் வந்தார்.

“அம்முணி, ஒரு பொம்பளை எழுதியிருந்தா?”

கூடாரத் தொழில் செய்த ஒரு புருஷன் பெண்சாதியைப் பற்றி வேதத்தில் வருகிறது. அந்தப் பெண்சாதி படித்த ஒரு பிரசங்கியாருக்கே பாடம் சொன்னவள். அவள் எழுதியிருந்தால் பெயரை மறைத்துத்தானே ஆக வேண்டும் என்பது அக்காவின் வாதம். நான் அசந்துபோனேன். நிருபம் முழுவதையும் இருவரும் மறுபடி தேடினோம். எழுதியவர் தன்னைச் சொல்லும் இடங்களில் தமிழ் எங்களுக்கு உதவவில்லை. ‘சொல்லுகிறேன்’ என்றால் சொன்னது ஆணா பெண்ணா?

போதகர் அடுத்த முறை வந்தபோது அக்காவே என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். அவர் பெட்டியிலிருந்து கிரேக்க மூலத்தை எடுத்து, பதினோராம் அதிகாரத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். “இந்த விகுதி ஆண்பால் அம்மா. எழுதியவர் தன்னை ஆண் என்றே சொல்லிவிட்டார்.”

“ஒரே விகுதிங்களா ஐயா?”

“ஒன்று போதாதா?”

“போதுமுங்க. ஆனாக்கா எனக்குச் சங்கடமாத்தான் இருக்குது” என்றார் அக்கா. மூவரும் சிரித்தோம். அன்றோடு எங்களுக்குள் இருந்த மனத்தாங்கலும் போய்விட்டது.

அடுத்த மாதம் புதுச்சத்திரத்தில் சபைப் பெண்கள் கூட்டம். நானும் அக்காவோடு போனேன். அன்று வேதபாடம் வாசிக்கும் முறை அக்காவுடையது. தன் அப்பா சொன்ன அந்த அதிகாரத்தையே எடுத்தார். வழக்கமாக அப்போஸ்தலனாகிய பவுல் என்று தொடங்கித்தான் அறிவிப்பார்கள். அக்கா, “எபிரெயருக்கு எழுதிய நிருபம், பதினோராம் அதிகாரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசித்தார். முன்வரிசையில் போதகர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகாக அந்த அதிகாரத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்காக ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். “எங்கப்பாவுக்கு அந்த வார்த்தைதான் தெம்பு. பேரு இல்லை” என்றார் அக்கா. அது அவர் தானாகக் கண்ட முடிவு. பஸ் வருவதற்குள் அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முன்பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

“இந்த நாலு சுவிசேஷத்துலயும் பேரு உள்ளுக்குள்ள இருக்குதா, இல்லை இதுவும் தலைப்புல மட்டும்தானா? பாரு அம்முணி!”