மூச்சுக்கோடு

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு அண்ணனின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், அண்ணன் மேசையில தலை வச்சுப் படுத்திருந்தாரு. அசதியில தூங்குறாருன்னு விட்டுட்டோம்," என்றார் அவரோடு வேலை பார்த்தவர். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணன் குடிநீர் வாரியத்தில் குமாஸ்தா. உடைந்த குழாய்க்கும் வராத தண்ணீருக்கும் வாழ்நாள் முழுக்க ஒரே ஜன்னல் வழியாகப் பதில் சொன்னவர். வீட்டில் வாயே திறக்கமாட்டார். "பேசினா முத்து உதிர்ந்துடுமாடா?" என்று அம்மா கேட்பாள். ஆனால் குரல் மட்டும் அப்படி அமைந்துவிட்டது. பக்கத்து அறையில் யாரோ நம்மைப் பற்றி அக்கறையாகப் பேசிக்கொண்டிருப்பது போன்ற குரல்.

அந்தக் குரலுக்கு இரண்டு வேலை. வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்தில் மறைநூல் வாசிப்பது ஒன்று. விடுமுறை நாட்களில் டப்பிங் பேசுவது இன்னொன்று. இருமல் மருந்து விளம்பரம், காட்டு விலங்குகள் படம் என்று எது வந்தாலும் பேசுவார். முதலைகள் பற்றிய படம் வந்த வாரம், "முதலையார் வந்துட்டாரு, கையை உள்ளே இழுத்துக்குங்க," என்று அலுவலகத்தில் ஓட்டினார்கள்.

இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தயாராவார். தாளை விரித்து, எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னச் சின்னதாகக் கோடு போடுவார். மூச்சுக்கோடு என்பார். உடன்பிறந்த என்னையும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "மூச்சு சரியா இருந்தா போதும் டீச்சர், அர்த்தம் தானா வந்து சேந்துக்கும்."

பிறகுதான் தொலைக்காட்சியில் அந்த வெளிநாட்டு அறிவியல் தொடர் வந்தது. வாரம் ஒரு பாகம், மூன்று மாதம். அதை வழங்குபவருக்குத் தமிழில் அண்ணன் பேசினார். கோள்களும் கடலடியும் காட்டிய வாரங்களில் கூடமே பெருமைப்பட்டது. கூடத்தின் செயலாளர் எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மாத்திரை வாங்க வருபவர்களிடமெல்லாம், "நம்ம கூடத்துக் குரலுங்க அது," என்று சொல்லியனுப்பினார்.

ஐந்தாம் பாகம் உலகம் தோன்றிய கதை. இந்தக் கதைக்குப் படைத்தவன் என்று ஒருவன் தேவைப்படவில்லை என்றார் வழங்குபவர். பயந்துபோன மனிதன் இருட்டில் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட முதல் பதில்களே மதங்கள் என்றார். தமிழில் அதை என் அண்ணன் சொன்னார்.

மறுநாள் ஜன்னலுக்கு வந்தவர்கள் தண்ணீருக்காக வரவில்லை. ஒருவர் கையை உள்ளே விட்டுக் குலுக்கினார்: "தைரியமாப் போட்டு உடைச்சீங்க சார்." அடுத்தவர், "நாக்கு அழுகிடும்யா," என்றார். இன்னொருவர் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "அப்ப செத்தா அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார், அதற்கும் அலுவலகத்தில் விண்ணப்பம் இருக்கும் என்பது போல. எல்லோருக்கும் அண்ணனிடம் ஒரே பதில்தான். "நான் எதுவும் சொல்லலீங்க. எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன்."

அந்தப் பதில் மருந்துக்கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் வரைதான் உதவியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் டம்ளரைத் தொடவில்லை.

"எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்னு சொல்றீங்க. சரி. அப்ப நம்ம கூடத்துலயும் அப்படித்தான் படிச்சீங்களா?"

மடக்குவதற்காக அவர் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. அண்ணன் ஆறிப்போன டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தொடர் முடியட்டும். அதுவரைக்கும் வேற யாராவது படிக்கட்டும்," என்றார் அவர். அண்ணன் இன்னும் ஒரே ஒரு வாரம் படிக்கக் கேட்டு வாங்கினார்.

அந்த வாரம் குரலை மாற்றிக்கொண்டு வாசித்தார். மூக்கிலிருந்து, மெல்லிசாக. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறார். முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தன. அம்மாக்கள் கிள்ளினார்கள். கிள்ளியவர்களுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணன் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கினார்.

வாசலில் தையல்காரம்மா அவர் கையைத் தேடிப் பிடித்தாள். கண் மங்கிப் பல வருடமாகிறது. அவளுக்கு மறைநூல் என்றால் அண்ணன் வாசிப்பதுதான்.

"உம்மேல கோவம் இல்ல தம்பி. சாமி பேசுறதே எனக்கு உன் குரல்லதான். இப்பக் கண்ணை மூடினா, ‘நான் இல்ல’ன்னு அந்தச் சாமியே சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்களே சொல்லுங்கக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அண்ணன். கையை விடாமல் அவளைப் படியிறக்கித் தெருவில் கொண்டுபோய் விட்டார்.

மிச்சப் பாகங்களுக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி டப்பிங் கூடத்தில் கேட்டுப் பார்த்தார். "கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையை மாத்தச் சொல்றீங்களே சார்," என்று சிரித்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். மிச்சத்தையும் அவரே போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்: "வால்நட்சத்திரம் வர்ற இடம் ரொம்ப நல்லா இருந்துது டீச்சர். அதைப் படிக்கும்போது அது நிஜம். கூடத்துல படிக்கும்போது அங்க படிக்கிறது நிஜம். இதைப் போய் மருந்துக்கடைக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது?" சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

தொடர் முடிந்தது. மருந்துக்கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வார வாசிப்புப் பகுதியை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அன்றைக்கே பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாளில் தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது: நேயர்களின் பேராதரவால், தொடர் மீண்டும் முதலிலிருந்து.

இதுவும் முடியட்டும் என்று சொல்வதற்குள் மருந்துக்கடைக்காரர் போனில் நிறையத் தயங்கினார். அண்ணன் "சரிங்க" என்றார். போனை வைத்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தார்.

"இனிமே அது எதுக்குண்ணே?"

"மூணு மாசம்தானே. போயிடும்."

இது போன வாரம்.

இறுதிச் சடங்கில் மருந்துக்கடைக்காரர்தான் வாசித்தார். ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் அவருக்கு மூச்சு தீர்ந்துபோனது. அழுகையா, கோடு இல்லாத தாளா, தெரியவில்லை. தையல்காரம்மா கண்ணை மூடாமல் நின்றிருந்தாள்.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் தொடர் பாக்கணும். இன்னைக்கு மட்டும் வேணாம்னு சொல்லவா?" பார்க்கட்டும் என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் பேசினார். சொற்கள் தெளியவில்லை. எங்கெங்கே மூச்சு விடுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வாசிப்புத் தாள் வீட்டில் அவர் மேசையிலேயே இருக்கிறது. மேல்பாதி வரைக்கும் கோடு போட்டிருக்கிறார். கீழ்ப்பாதிக்கு இன்னும் போடவில்லை.